அண்ணி போட்ட லீவு

சொந்தபந்தம் கூடுகிற இடத்தில் யாராவது, "பாப்பா என்ன வேலை பாக்குது?" என்று கேட்டுவிட்டால் போதும், அண்ணன் முந்திக்கொள்வான். "ஊரே தூங்கும், இவ சம்பளம் வாங்குவா" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். பாப்பாவும் சிரித்து வைப்பாள். அதே பேச்சை எத்தனை தடவைதான் புதுசாகக் கேட்பது போலக் கேட்பது என்று உள்ளுக்குள் அலுத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

பாப்பா என்றதும் சின்னப் பெண்ணை நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவள். காதோரம் நரைத்தாயிற்று, படிக்கக் கண்ணாடி வேண்டும். பிறந்தபோது அண்ணன் கூப்பிட்ட பெயர் அது. கல்யாணமாகிப் போனபோதும் கூடவே போயிற்று, புருஷன் செத்து ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் கூடவே வந்தது. அன்றைக்குக் கதவைத் திறந்தது அண்ணி. ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்து, "கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள். பாப்பா அதற்கப்புறம் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

அவள் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியின் தூக்கப் பரிசோதனைப் பிரிவில். ராத்திரியில் நோயாளிகளுக்கு ஒயர் ஒட்டிப் படுக்கவைக்கிற ஆட்கள் வேறு. பாப்பா காலையில் வருகிறவள். ராத்திரி முழுக்கப் பதிவானதைத் திரையில் ஓடவிட்டு, எங்கே மூச்சு நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, எதனால் நின்றது என்று பிரிவின் டாக்டரம்மாவுக்குக் குறித்துக்கொடுப்பது அவள் வேலை. வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாதென்று ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிய அறை. இரண்டு மேசை. ஒன்றில் அவள், இன்னொன்றில் கண்ணாடிக்காரர். அவருக்கு அந்தப் பெயர் வந்தது கண்ணாடி போட்டதால் அல்ல, கழற்றியதால். மோசமான பதிவு எதையாவது பார்த்துவிட்டால் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதைப் பார்த்தே அந்த ஆளின் நிலைமை தெரிந்துவிடும்.

திரையில் மேலும் கீழுமாகக் கோடுகள் ஓடும். மூக்கில் போகிற காற்றுக்கு ஒரு கோடு, மார்பில் கட்டிய பட்டைக்கு ஒரு கோடு, ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனுக்கு ஒன்று, நாடித்துடிப்புக்கு ஒன்று, குறட்டைக்குத் தனியாக ஒன்று. மூச்சு இரண்டு விதமாக நிற்கும். தொண்டை அடைத்துக்கொள்ளும்போது மூக்கில் காற்று இருக்காது, ஆனால் மார்பு விடாமல் ஏறி இறங்கிப் போராடும். கடைசியில் ஒரு பெரிய குறட்டையோடு வழி திறக்கும். இதை அந்த அறையில் 'மல்லுக்கட்டு' என்பார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மல்லுக்கட்டுதான். இன்னொரு விதம் உண்டு. அடைப்பும் இல்லை, போராட்டமும் இல்லை. மார்பே சும்மா இருக்கும். மூச்சு விடச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவே வராது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'லீவு'. "எத்தனை லீவு?" என்று கண்ணாடிக்காரர் கேட்பார். "லீவே இல்ல, சுத்தமான மல்லுக்கட்டு" என்பாள் பாப்பா. ஆளின் உயிர் விஷயத்தை இப்படியா பேசுவார்கள் என்று கேட்டால், நாள் முழுக்க அடுத்தவன் மூச்சு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் வேறெப்படித்தான் பேசுவார்கள்?

பாப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. பதிவுகளில் பெயர் இருக்காது, வெறும் எண்தான். முதல் பக்கத்தில் ஆணா பெண்ணா, வயது, எடை, தொழில் என்று விவரம் இருக்கும். அவள் அந்தப் பக்கத்தைக் கடைசியில்தான் பார்ப்பாள். குண்டு ஆள் என்று தெரிந்தால் கண் தானாகவே மல்லுக்கட்டைத் தேடும், அதனால் முதலில் கோடு, அப்புறம்தான் ஆள் என்பாள். நல்ல பழக்கம்தான்.

வீட்டில் மல்லுக்கட்டு என்றால் அது அண்ணன். கம்பெனிப் பேருந்து ஓட்டுகிறவன், வாட்டசாட்டமான உடம்பு, கழுத்தென்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாது. அவன் குறட்டை சுவரைத் தாண்டி வரும். ஏறி, அடைத்து, நின்று, வெடிக்கும். பாப்பா தன் அறையில் படுத்தபடி, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மனதுக்குள் குறித்துக்கொண்டிருப்பாள். "அண்ணா, ஒரு தடவ வந்து டெஸ்ட் எடுத்துக்கோ" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அண்ணி இதற்கு நேர்மாறு. படுத்தால் சத்தமே இருக்காது. துணி தைத்துக் கொடுப்பவள்; பகலெல்லாம் மெஷினை மிதித்துவிட்டுச் சாப்பிட்ட கையோடு போய்ப் படுத்துவிடுவாள். கொஞ்ச நாளாகவே அவள் தலைக்கு ஒரு தலையணை போதவில்லை. இரண்டாயிற்று, பிறகு மூன்றாயிற்று. "மல்லாக்கப் படுத்தா என்னமோ அமுக்குற மாதிரி இருக்கு" என்றாள். "தலையணை மகாராணி" என்று பாப்பா கேலி செய்தாள். சாயங்காலமானால் செருப்பு காலில் ஏறவில்லை. "மகாராணிக்குப் பாதம் வளருது" என்றாள் அதற்கும். மாடிப்படியில் அண்ணி பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ நினைவு வந்தவள் மாதிரி கொஞ்ச நேரம் நிற்பாள். அதையும் பாப்பா பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். குறட்டை விடாத ஆளுக்கு என்ன நோய் வந்துவிடப்போகிறது? குறட்டைக்காரர்களையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண், வீட்டில் சத்தமில்லாமல் தூங்குகிறவளை ஆரோக்கியத்தின் கணக்கில் எழுதிவிட்டது.

அந்த வருஷம் அண்ணனின் கம்பெனியில் ஓர் ஓட்டுநர் கண்ணயர்ந்து வண்டியைச் சுவரில் ஏற்றிவிட்டான். அதிலிருந்து எல்லா ஓட்டுநர்களும் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாப்பாவின் ஆஸ்பத்திரியிலிருந்து கைக்கு அடக்கமான பெட்டி ஒன்று கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை, விரலில் ஒரு கவ்வி என்று மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி தூங்கிவிட்டு, காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தேறாதவன் குணமாகும்வரை வண்டி எடுக்கக் கூடாது.

அண்ணன் பெட்டி வாங்குகிற நாளைத் தள்ளிக்கொண்டே வந்தான். அவனோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவன் இப்படித்தான் தேறாமல் போய், இப்போது வண்டி கழுவுகிற இடத்தில் நிற்கிறான். மகளுக்குப் படிப்பு இன்னும் முடியவில்லை, விடுதியில் இருக்கிறாள். சாப்பிடும்போதெல்லாம் இதே புலம்பல்.

"சும்மா பயந்து சாகாத அண்ணா" என்றாள் பாப்பா. "தூங்கும்போது காத்து ஊதுற மாதிரி முகத்துல ஒரு மாஸ்க் மாட்டி விடுவாங்க. கொஞ்ச நாள்ல திரும்ப வண்டி எடுக்கலாம்."

"உனக்கென்ன, சொல்லுவ. மாஸ்க்கு போட்டவன்னு தெரிஞ்சா எனக்கு நல்ல ரூட்டு குடுப்பானா?"

"எல்லாரும் அண்ணி மாதிரி தூங்கினா எங்களுக்கு வேலையே இருக்காது. அண்ணிக்குப் பெட்டிய மாட்டினா கண்ண மூடிக்கிட்டு பாஸ் போட்டுடலாம்."

அண்ணி வெட்கத்தோடு சிரித்தாள். அவளை யாரும் எதற்கும் மெச்சுகிற வழக்கமில்லை. அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். பாப்பா தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டாள்.

சில நாள் கழித்து, காலையில், பெட்டிப் பதிவு ஒன்று அவள் திரைக்கு வந்தது. வழக்கம்போல விவரத்தைப் பார்க்காமல் கோடுகளை ஓடவிட்டாள். குறட்டைக் கோடு படுத்துக் கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும் மூச்சு சின்னதாக ஆரம்பித்து, பெரிதாகி, மறுபடி சின்னதாகி, நின்றது. மார்பும் நின்றது. பிறகு திரும்பச் சின்னதாக ஆரம்பித்தது. ஏறும், இறங்கும், நிற்கும். அதுவும் பக்கத்துக்குப் பக்கம், ராத்திரி முழுக்க. ஆக்சிஜன் கோடு ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு போயிற்று.

"இங்க வாங்களேன்" என்றாள்.

கண்ணாடிக்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மல்லுக்கட்டே இல்ல. அத்தனையும் லீவு" என்றாள் பாப்பா. "இந்த ஆளுக்குத் தூக்கத்துல கோளாறு இல்ல. நெஞ்சுல கோளாறு. ரத்தத்தத் தள்ள முடியாம இதயம் தள்ளாடுது. பாவம், யார் பெத்த பிள்ளையோ."

"அவசரம்னு போட்டு டாக்டரம்மாவுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் துடைத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

அனுப்புவதற்கு முன்னால் முதல் பக்கத்தைத் திறந்தாள். ஆண். கனத்த உடம்பு. தொழில், ஓட்டுநர். கம்பெனி, அண்ணனுடைய கம்பெனி. வயது, அண்ணனுடைய வயது. பெட்டி கொடுத்த தேதியைப் பார்த்தாள். அண்ணன் அந்தப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

குறட்டைக் கோட்டை மறுபடி பார்த்தாள். சுவரை அதிரவைக்கிற மனுஷனின் குறட்டைக் கோடு இப்படிக் கோலால் இழுத்த மாதிரி இருக்காது. அது அண்ணன் இல்லை. அந்த வீட்டில் சத்தமில்லாமல் தூங்குகிறவள் ஒருத்திதான். மூன்று தலையணை, செருப்பு ஏறாத பாதம், மாடிப்படியில் நின்ற நிற்பு என்று எல்லாம் வரிசையாக வந்து அவள் எதிரே நின்றன. பாப்பா பதிவை அனுப்பாமல் அப்படியே மூடினாள். அரை நாள் லீவு வேண்டும் என்றாள். "என்ன, நீங்களும் லீவா?" என்று கண்ணாடிக்காரர் தமாஷாகத்தான் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். அவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"பெட்டிய யார் மாட்டிக்கிட்டது?"

"நான்தான். வேற யாரு?" என்றான் அண்ணன் தட்டைப் பார்த்தபடி.

அடுப்பங்கரையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முகத்தில், பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் மாதிரி ஒரு ஆவல்.

"பாஸாயிட்டேனா?" என்றாள்.

அண்ணன் சாப்பாட்டைத் தள்ளி வைத்தான். பாப்பாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அண்ணன் மேல் பாதி, தன் மேல் பாதி. மெச்சுகிற சாக்கில் இந்த யோசனையை அவர்கள் தட்டில் பரிமாறியவளே அவள்தானே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அண்ணி, தூக்கத்துல உங்க மூச்சு நிக்குது. நின்னு நின்னு போகுது. நாங்க அத லீவுன்னு சொல்லுவோம். ராத்திரி பூரா லீவு."

"எனக்கு வேற எப்பத்தான் லீவு?" என்று அண்ணி சிரிக்கப் பார்த்தாள். "அதையும் நீ கண்டுபிடிச்சிட்டியா?" பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். "அப்ப நான் ஃபெயிலா? உங்க அண்ணனுக்கு வண்டி போயிடுமா?"

கேட்டாளே பாருங்கள், அதுதான் கேள்வி. தன் நெஞ்சுக்கு என்ன என்று கேட்கவில்லை.

"மாத்தி மாட்டினது தெரிஞ்சா மாஸ்க்கோட போகாது பாப்பா" என்றான் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. "ஏமாத்தினான்னு சீட்டக் கிழிச்சிடுவான். வேற எவனும் வேலைக்கு வெச்சுக்க மாட்டான். அவள டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கே. இந்த விஷயம் மட்டும் வெளிய வேண்டாம். பெத்தவங்களுக்கு அப்புறம் உனக்கு நான்தானே இருக்கேன்?"

கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னான். பாப்பா தலையாட்டினாள்.

அன்று சாயங்காலமே திரும்பிப் போய், அவசரம் என்று போட வேண்டிய பதிவில் வேறொன்றைப் போட்டாள். மூக்குக் குழாய் நழுவிவிட்டது, பதிவு பயன்படாது, மறுபடி எடுக்க வேண்டும். குழாய் நழுவுவது அடிக்கடி நடக்கிறதுதான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவள் எழுதினால் டாக்டரம்மா இரண்டாவது தடவை திறந்துகூடப் பார்ப்பதில்லை. அத்தனை வருஷம் ஒழுங்காகக் குறித்துக் குறித்து அவள் சம்பாதித்த நம்பிக்கை அது. அதை வைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள். கண்ணாடிக்காரர் அன்றைக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே இருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் மூன்று பேருமாகத் தெருமுனை டாக்டரிடம் போனார்கள். அவர் நல்லவர்தான், ஆனால் வெளியே கூட்டம் நின்றது. ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"தூக்கமெல்லாம் எப்படி?"

"படுத்தா தெரியாது டாக்டர். நல்லாத் தூங்குவேன்" என்றாள் அண்ணி.

"தூக்கத்துல மூச்சு நிக்குது டாக்டர்" என்று பாப்பா குறுக்கே விழுந்தாள்.

"குறட்டை விடுவாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிம்மா மூச்சு நிக்கும்? டெஸ்ட் ஏதாச்சும் எடுத்திருக்கீங்களா?"

அண்ணன் இருமினான். பாப்பா அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் கண் கெஞ்சிற்று. எடுக்கவில்லை என்றாள் பாப்பா. கால் வீக்கத்தைச் சொன்னாள், மூன்று தலையணையைச் சொன்னாள். டாக்டர் தலையசைத்துக் கேட்டார். இதயத்தைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தார், ரத்தம் ஊற மாத்திரை கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் தள்ளித் தேதி கிடைத்தது. "பாத்தியா, ஒண்ணுமில்ல, ரத்தம்தான் கம்மியாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான் அண்ணன். அவன் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பிவிட்டான். நம்பாவிட்டால் அவனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க முடியாது.

பாப்பாவால் நம்ப முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நாளாக அண்ணனின் சத்தத்தைக் கேட்டவள், இப்போது அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொருத்தியின் மூச்சைத் தேடிக் காதைத் தீட்டினாள். ஒன்றும் கேட்காது. கேட்காதுதானே, அதுதானே நோய். படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் விடியும். அந்தப் பிரிவிலேயே தூக்கமில்லாத ஆள் அவள்தான் என்றாயிற்று.

ஒரு வாரம் போயிற்று. வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது அண்ணி மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மடியில், யாருக்கோ தைத்த துணி. உதடு நிறம் மாறியிருந்தது.

"மேல ஏறணும்னுதான் வந்தேன்" என்றாள் அண்ணி. "அப்புறம் எறங்கிடலாம்னு பாத்தேன். ரெண்டும் முடியல. நீ போ, உனக்கு நேரமாச்சு."

பாப்பா அவளைத் தாங்கிக் கீழே இறக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி மாறியதை, குழாய் நழுவவில்லை என்பதை, தான் எழுதியதை, சாப்பாட்டு நேரத்தில் தான் அடித்த கேலியையும். டாக்டரம்மா அந்தப் பதிவைத் திறந்து தானே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"இன்னைக்கே கூட்டிட்டு வா. ஹார்ட் டாக்டர்கிட்ட நான் பேசுறேன்" என்றார். வாசல்வரை போனவளை நிறுத்தி, "இனிமே நீ குறிச்ச ஒவ்வொண்ணையும் நான் திறந்து பாக்கணும். இதுவரைக்கும் குறிச்சதையும்தான். புரியுதா?" என்றார்.

புரிந்தது. அந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்று மறுநாள் கடிதம் வந்தது. கம்பெனிக்கும் தகவல் போயிற்று. வண்டி ஓட்டுகிறவனின் பதிவு இல்லை என்று தெரிந்த பிறகு மறைக்க முடியாது என்றார்கள், மறைக்கவும் கூடாதுதான். அண்ணன் பயந்தபடியே கம்பெனியில் சீட்டைக் கிழித்தார்கள்.

இதய டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இதயம் நைந்துபோயிருந்தது. அண்ணியை வெளியே உட்காரவைத்துவிட்டு மற்ற இருவரிடமும் பேசினார். மாத்திரையால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், நீர் வடியும், மூச்சு கொஞ்சம் சீராகும். திரும்பிப் பழையபடி ஆகாது. "வருஷக்கணக்கா அறிகுறி இருந்திருக்குமே. வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். கேட்டது அவர் தொழில். அண்ணன் எழுந்து வெளியே அண்ணியிடம் போனான்.

அண்ணன் அதன்பிறகு அவளைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை. "சாப்பாடு இருக்குன்னு சொல்லு" என்று பெண்டாட்டியிடம் சொல்வான், மூன்றாவது ஆள் அறையிலேயே இருக்கும்போது. பகலெல்லாம் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெஷினை மிதிக்க ஆள் இல்லை. மகளை விடுதியிலிருந்து கூட்டி வருவதா வேண்டாமா என்ற பேச்சு அரைகுறையாக எழுந்து நின்றுபோகும். அண்ணியும் பாப்பாவிடம் பேசவில்லை. கோபமா என்றால் கோபம் மாதிரியும் தெரியவில்லை. அவருக்கு என்னால் வண்டி போயிற்று என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னாளாம். என்னால் என்றுதான் சொன்னாளாம், அவளால் என்று இல்லை. அது காதில் விழுந்தபோது பாப்பாவுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

உள்ளதைச் சொன்னது சரிதானா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். சரிதான். முதல் நாளே சொல்லியிருந்தால் இன்னும் சரி. ஆனால் சரியானதைச் செய்தவளுக்கு வீட்டில் உட்கார ஒரு இடம் இல்லாமல் போனதும் உண்மைதானே. ஒரு காலத்தில் கேள்வி கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்த வீடு அது. இப்போது அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை.

மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாள் கழித்து, மூச்சு எவ்வளவு சீராகியிருக்கிறது, ராத்திரியில் மூச்சுக்கு உதவ மெஷின் வைக்கலாமா என்று பார்க்க அண்ணியை ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து முழுப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை அவள் பெயரிலேயே. சொந்தக்காரர் பதிவைச் சொந்தக்காரர் குறிக்கக் கூடாது, அதனால் காலையில் அதைப் பார்க்கப்போகிறவர் கண்ணாடிக்காரர். பாப்பாவுக்கு வேலையில் இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. ஒயர் ஒட்டுகிற பையனிடம், "நான் ஒட்டிக்கிறேன்பா" என்று கேட்டாள். அவன் பசைக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

சாயங்கால வெளிச்சம் இன்னும் போகவில்லை. அண்ணி கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி மூன்று தலையணை கொடுத்திருந்தது. வெளியே நடையில் அண்ணன் பெஞ்சில் இருந்தான்; கதவு திறந்திருந்ததால் அவன் முழங்கால் மட்டும் தெரிந்தது. பாப்பா அண்ணியின் தலைமுடியை வகிர்ந்து, இடம் துடைத்து, பசை தடவி, ஒவ்வொரு ஒயராக ஒட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் அண்ணியின் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நரை அவள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. மார்புப் பட்டையைச் சுற்றினாள். விரலில் கவ்வியை மாட்டினாள்.

"இறுக்கமா இருக்கா அண்ணி?"

பாப்பா கடைசி ஒயரைக் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்திப் பிடித்தாள். அண்ணி தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் கதவுப் பக்கம் திருப்பினாள். அங்கே தெரிந்த முழங்காலைப் பார்த்தாள். பல நாளைக்கு அப்புறம் வாயைத் திறந்தாள். வெளியே கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாகத்தான் பேசினாள்.

"இந்தத் தடவ நான் பாஸாகணுமா, ஃபெயிலாகணுமா? எதுல அவருக்கு வண்டி திரும்பக் கெடைக்கும்? முன்னாடியே சொல்லிடு. அதுக்கேத்த மாதிரி தூங்குறேன்."

பாப்பாவின் விரல் அவள் காதுக்குப் பின்னால் அப்படியே நின்றது. பசை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.